பொது வகுப்பில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளை: இடம் கொடுத்த பிறகு செய்ய வேண்டியவை

வகுப்பு முழுவதும் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை மட்டும் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறது. சத்தமில்லை, தொந்தரவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரும் இருக்கிறது. ஆனாலும் அந்த 40 நிமிடத்தில் அந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் என்று ஒருவர் இல்லை.

1994-இல் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் கூடிய உலக மாநாடு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தது. 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தன் 24ஆம் பிரிவில் அதை உரிமையாகவே எழுதி, அதற்கான மாற்றங்களைச் செய்து தரும் கடமையையும் சேர்த்தது. ஆகவே வகுப்பில் இடம் என்பது யாரும் மனமிரங்கித் தருவதில்லை. மிச்சமிருப்பது நாளைய பாடத்திட்டம். அதை எப்படி எழுதுவது, எப்படி நடத்துவது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: முதல் இரண்டு வாரம், பார்த்து எழுதுங்கள்

மருத்துவச் சான்றிதழ் கோளாறின் பெயரைச் சொல்லும். அந்தப் பிள்ளை காலை இரண்டாம் பீரியடில் ஏன் மேசைக்கடியில் போய் உட்கார்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு உங்கள் குறிப்பேடுதான் வேண்டும்.

ஒரு பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன்பின் என்ன நடந்தது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு பதிவுகள் போதும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். 'அடம்பிடித்தான்' என்பது தீர்ப்பு. 'நோட்டை மூடினான், தலையை மேசையில் கவிழ்த்தான், 6 நிமிடம் அசையவில்லை' என்பது பதிவு. பத்து நாள் கழித்து முன்பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். 'கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னேன்' என்று ஐந்து இடத்தில் வந்தால், சிக்கல் குணத்தில் இல்லை, பார்த்தெழுதுவதில் இருக்கிறது. பார்வையா, எழுத்தா, கைவிரலா என்று அடுத்து தேடலாம்.

பின்பத்தியும் முக்கியம். ஒவ்வொரு முறையும் 'வெளியே அனுப்பினேன்' என்று இருந்தால், கணக்கிலிருந்து தப்பிக்க வழி எது என்பதை நாமே கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதோடு, எதில் பிள்ளையின் முகம் மலர்கிறது, யாரோடு போய் நிற்கிறது, எந்த வேலையைச் சொல்லாமலே செய்கிறது என்பதையும் எழுதுங்கள். பின்னால் எல்லாத் திட்டமும் இந்தப் பட்டியலிலிருந்துதான் கிளம்பும்.

படி 2: வீட்டிலும் பிள்ளையிடமும் கேளுங்கள்

முதல் சந்திப்பு குறையோடு தொடங்க வேண்டாம். பிள்ளைக்கு எது பிடிக்கும், எதைக் கண்டு அஞ்சும், கலங்கினால் வீட்டில் எப்படி அமைதிப்படுத்துகிறார்கள், தூக்கம் எப்படி, மருந்து உண்டா, அது எந்த நேரத்தில் சோர்வோ பசியின்மையோ தருகிறது என்று கேளுங்கள். வலிப்பு வரும் பிள்ளையானால் பள்ளி செய்ய வேண்டியதை எழுத்தில் வாங்கி, எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் தெரியப்படுத்துங்கள். பக்கவாட்டில் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமலிருப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது, 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைப்பது ஆகியவை அதில் இருக்கட்டும்.

பிள்ளையிடம் நேரடியாகக் கேட்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'எந்தப் பாடத்தில் நான் என்ன செய்தால் உனக்குச் சுலபமாக இருக்கும்?' பேச இயலாத பிள்ளைக்குப் படங்களைக் காட்டி, பிடித்தது ஒரு பக்கம், பிடிக்காதது ஒரு பக்கம் என அடுக்கச் சொல்லலாம்.

படி 3: அறையைச் சரிசெய்யுங்கள்

காது கேட்பதில் குறையுள்ள பிள்ளையை நடு முதல் வரிசையில் உட்கார வைப்பது வழக்கம். ஆனால் அங்கிருந்து பின்னால் பேசுபவர் முகம் தெரியாது. முன்பக்கத்தின் ஓரத்தில், சற்றுத் திரும்பினால் வகுப்பு முழுவதும் தெரிகிற இடம் நல்லது. மேசைகளை 'ப' வடிவில் போட முடிந்தால் இன்னும் நல்லது. ஜன்னலுக்கு முதுகு காட்டி ஆசிரியர் நிற்கக் கூடாது. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் முகம் நிழலாகி உதடு தெரியாது.

கவனம் சிதறும் பிள்ளைக்குக் கதவு, ஜன்னல், நடைபாதை ஆகியவற்றிலிருந்து விலகி, உங்கள் கை எட்டும் தூரம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத, முடிந்தால் சுவரோரமான இடம். மினுக்கும் டியூப் லைட்டும் கிறீச்சிடும் நாற்காலிக் காலும் நமக்குச் சிறு தொல்லை, சில பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத வேதனை. நாற்காலிக் கால்களுக்குப் பழைய டென்னிஸ் பந்தை மாட்டினால் சத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். அது காது கேட்கும் கருவி அணிந்த பிள்ளைக்கும் பெரிய உதவி, ஏனென்றால் கருவி பேச்சோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது.

சக்கர நாற்காலிக்கு இடைவழி 90 செ.மீ., திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள இடம் வேண்டும். சாய்தளம் 1:12, அதாவது 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளம். இதைவிடச் செங்குத்தாகப் போட்ட சாய்தளத்தில் பிள்ளை தானாக ஏறுவது கடினம். யாராவது தள்ள வேண்டியிருக்கும். உட்காரும்போது பாதம் தரையில் முழுவதும் படிய வேண்டும், முழங்கால் செங்கோணமாக மடங்க வேண்டும். கால் தொங்கினால் உடல் நிலைக்காது. உடல் நிலைக்காவிட்டால் கையெழுத்தும் நிலைக்காது. காலுக்கடியில் ஒரு பலகை வைத்தாலே எழுத்து மாறுவதைப் பார்க்கலாம்.

படி 4: ஒரே பாடம், பல வாசல்

இதுதான் வழிகாட்டியின் நடு. மற்ற எல்லாம் இதற்குத் துணை.

பாடத்திட்டம் எழுதும்போது முதலில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்தப் பாடம் முடிந்து போகும்போது எல்லாப் பிள்ளைகளின் மனதிலும் நிற்க வேண்டியது என்ன? நீர்ச்சுழற்சிப் பாடம் என்றால் 'நீர் ஆவியாக மேலே போகிறது, குளிர்ந்து நீராகத் திரும்புகிறது'. இந்த வாக்கியத்தை எல்லோரும் எட்ட வேண்டும். பெரும்பாலோர் எட்ட வேண்டியது, சிலர் மட்டும் எட்டக் கூடியது என்று இன்னும் இரண்டு வரி அதன் கீழே எழுதுங்கள்.

அடுத்து, எல்லோரும் சேர்ந்து செய்யும் ஒரு தொடக்கம். கண்ணாடிக் குவளையில் சுடுநீர், மேலே மூடியாகத் தட்டு, தட்டின் மேல் பனிக்கட்டி. சில நிமிடத்தில் தட்டின் அடியில் துளிகள் தொங்கும். சுடுநீரை ஆசிரியரே ஊற்ற வேண்டும். பார்க்க முடியாத பிள்ளை, தட்டை எடுத்த பிறகு அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். இதை விளக்கும் படத்தைக் கரும்பலகையில் வரையும்போது, வரைவதை வாயாலும் சொல்லுங்கள்.

பிறகு வேலை பிரிகிறது. ஒரு பிள்ளை நான்கு வாக்கியம் எழுதும். ஒரு பிள்ளை படத்தில் சொல் அட்டைகளை ஒட்டும். ஒரு பிள்ளை நான்கு படங்களை வரிசையாக அடுக்கி விரலால் காட்டும். ஒரு பிள்ளை, பனிக்கட்டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துச் சொல்லும். எல்லோரும் ஒரே மேசையில், ஒரே குவளையைச் சுற்றி. படம் அடுக்கும் பிள்ளையின் அட்டைகளை வைத்துத்தான் மற்றவர் வாக்கியம் எழுத வேண்டும் என்று அமைத்துவிட்டால், அதன் வேலை குழுவுக்கே தேவையாகிவிடும்.

இங்கே இரண்டு வகை மாற்றங்களைப் பிரித்தறிய வேண்டும். வழியை மாற்றுவது ஒன்று: அதே கணக்கு, பெரிய எழுத்தில், அதே கேள்வி, வாய்மொழிப் பதில். இலக்கை மாற்றுவது இன்னொன்று: வகுப்பு அரையும் காலும் கூட்டும்போது, இந்தப் பிள்ளை காகித வட்டத்தைச் சம பாதியாக மடிக்கக் கற்கிறது. முதலாவதைத் தாராளமாகச் செய்யுங்கள். இரண்டாவதைச் சிறப்பாசிரியரோடும் பெற்றோரோடும் பேசி, எழுத்தில் வைத்த பிறகே செய்யுங்கள். வாசிக்கச் சிரமப்படும் அறிவான பிள்ளைக்கு இலக்கையே குறைத்துவிடும் தவறு சாதாரணமாக நடக்கிறது. மூன்று வருடம் அப்படிப் போனால், வாசிப்பில் மட்டும் இருந்த இடைவெளி எல்லாப் பாடத்திலும் விழுந்துவிடும்.

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள். மூன்று வினாடியாவது பொறுத்தால் பதில்கள் நீளும், கை தூக்குவோர் கூடுவர். மெதுவாக யோசிக்கும் பிள்ளைக்கு 10 வினாடி கொடுங்கள். மனதுக்குள் எண்ணுங்கள். அந்த மௌனம் முதலில் நமக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

படி 5: தேவைக்கேற்ற நுட்பங்கள்

வாசிப்பதில் சிரமம்

டிஸ்லெக்சியா எனும் வாசிப்புச் சிரமம் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளை வைத்து எழுதப்பட்டவை. தமிழில் பிள்ளை இடறுகிற இடங்கள் வேறு. கெ, கே, கை ஆகியவற்றில் உயிர்க்குறி கண்ணுக்கு முன்னால் வருகிறது, காதுக்குப் பின்னால் வருகிறது. கொ, கோ என்பவற்றில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. கௌ-வின் வால் 'ள' போலவே இருக்கிறது. துணைக்காலும் 'ர'வும் ஏறக்குறைய ஒன்று. ன, ண இரண்டையும் பிரிக்கச் சுழி எண்ண வேண்டும். கு, து, மு என்று உகர வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. போதாததற்கு, 'கடல்', 'பகல்', 'பங்கு' மூன்றிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது.

ஆகவே 247 எழுத்தையும் அட்டவணை வரிசையில் ஒப்பிக்க வைப்பதால் பயனில்லை. குறியில்லாத எழுத்துகளால் ஆன சொற்களில் தொடங்குங்கள்: மரம், படம், கடல். அடுத்து துணைக்கால், பிறகு இகர ஈகாரம். கொம்பு வைத்த எழுத்துகளைத் தனியாக, பின்னால் எடுங்கள். அப்போது விரல் முதலில் மெய்யைத் தொடட்டும், பிறகு பின்னோக்கிப் போய்க் கொம்பைத் தொடட்டும், அதன்பின் வாய் சொல்லட்டும். கொம்புக்கு மட்டும் ஒரு நிறம் கொடுங்கள். ஒரே போல் தெரியும் ன-ண இரண்டையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்த வேண்டாம்; ஒன்று உறுதியான பிறகே மற்றது. 'வந்துகொண்டிருக்கிறான்' போன்ற நீண்ட சொற்களை வந்து/கொண்டு/இருக்கிறான் என்று பென்சில் கோடு போட்டுக் கொடுங்கள். தினமும் 15 நிமிடம், வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரத்தைவிடப் பலன் தரும்.

பயிற்சித்தாளில் எழுத்து 14 புள்ளி, வரி இடைவெளி ஒன்றரை, பக்கத்துக்கு நான்கைந்து கேள்வி மட்டும். வகுப்பில் திடீரென்று எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். முதல் நாளே எந்த மூன்று வரி என்று சொல்லிவிடுங்கள். வரலாற்றுத் தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். நிறக் கண்ணாடியும் நிறத்தாளும் வாசிப்பைச் சரிசெய்யும் என்ற பரவலான நம்பிக்கைக்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. அந்தப் பணத்தையும் நேரத்தையும் வாசிப்புப் பயிற்சிக்கே செலவிடுங்கள்.

கேட்பதில் குறை

தூரம் இரட்டிக்கும்போது குரல் சுமார் 6 டெசிபல் குறைகிறது. ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போனால் கருவி இருந்தும் சொற்கள் தேய்ந்துவிடும். ப, ம இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். 'பாலை', 'மாலை' இரண்டையும் உதட்டசைவால் பிரிக்க முடியாது. ஆகவே உதடு படிப்பதை மட்டும் நம்பாமல், புதிய சொற்களைப் பாடம் தொடங்கும் முன்பே கரும்பலகையில் எழுதுங்கள். எழுதும்போது பேசாதீர்கள், எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். பின்வரிசைப் பிள்ளை சொன்ன பதிலை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் பிள்ளை தலையாட்டிவிடும். 'என்ன செய்யப் போகிறாய்?' என்று கேளுங்கள். சைகைமொழி பேசும் பிள்ளையானால், மொழிபெயர்ப்பவரைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தே பேசுங்கள்.

பார்வைக் குறை

'இதையும் அதையும் கூட்டினால்' என்று சொல்லாமல் 'ஏழையும் ஐந்தையும் கூட்டினால்' என்று சொல்லுங்கள். பெரிய எழுத்து என்றால் 18 புள்ளிக்குக் குறையாமல், பளபளப்பில்லாத தாளில். ஆனால் பார்வைப் பரப்பு குறுகிய பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு சொல்லே கண்ணுக்குள் அடங்காது. அளவைப் பிள்ளையிடமே சோதித்து முடிவு செய்யுங்கள். பிரெயில், ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள்) பயன்படுத்துவோருக்குப் பாடத்தை ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்தால்தான் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்க முடியும். வாசிக்கத்தக்க கோப்பாகக் கொடுங்கள்; போட்டோ எடுத்த பக்கத்தை ஸ்கிரீன் ரீடரால் நேரடியாகப் படிக்க முடியாது.

ஆட்டிசம்

அன்றைய நிகழ்ச்சிகளைப் படமாக, மேலிருந்து கீழாக ஒட்டி, முடிந்ததைப் பிள்ளையே கழற்றட்டும். மாற்றம் வந்தால் முன்கூட்டியே சொல்லி, படத்தையும் மாற்றுங்கள். 'ஒழுங்காக இரு' என்பதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. 'கையை மேசைமேல் வை' என்பதில் இருக்கிறது. 'காதில் பூ சுற்றாதே' என்றால் சில பிள்ளைகள் பூவைத் தேடும். கண்ணைப் பார்த்துப் பேசும்படி வற்புறுத்த வேண்டாம்; வேறெங்கோ பார்த்தபடி நன்றாகக் கேட்கும் பிள்ளைகள் உண்டு. கையசைப்பதும் உடலை ஆட்டுவதும் யாருக்கும் காயம் தராத வரை தடுக்கத் தேவையில்லை. பேசாத பிள்ளைக்குப் பட அட்டையோ டேப்லெட்டோ கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை.

கவனச் சிதறல்

20 கணக்கை ஒரே தாளில் கொடுக்காமல், ஐந்து ஐந்தாக நான்கு துண்டாகக் கொடுங்கள். ஒவ்வொரு துண்டையும் எழுந்துவந்து காட்டட்டும், அதில் அசைவும் கிடைத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும். தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பிடுங்காதீர்கள். ஓட வேண்டிய உடலை உட்கார வைத்தால் அடுத்த பீரியட் இன்னும் கடினமாகும்.

படி 6: உதவியாளர் எங்கே உட்கார வேண்டும்?

உதவியாளர் கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம். பல வகுப்புகளில் அங்கேதான் புதுப் பிரச்சினை தொடங்குகிறது. உதவியாளர் எப்போதும் பிள்ளையை ஒட்டி உட்கார்ந்தால், சக பிள்ளைகள் நெருங்குவதில்லை. ஆசிரியர் அந்தப் பக்கம் வருவதில்லை. பிள்ளை உதவியாளர் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லப் பழகுகிறது. பாடத்தில் மிகச் சிரமப்படும் பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரின் நேரமே மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

ஆகவே ஏற்பாட்டைத் திருப்புங்கள். வகுப்பு வேலையில் ஈடுபட்டிருக்கும் 10 நிமிடம், உதவியாளர் மற்றவர்களைச் சுற்றிப் பார்க்கட்டும், நீங்கள் அந்தப் பிள்ளையருகே உட்காருங்கள். நாளுக்கு ஒருமுறையாவது.

உதவிக்கும் வரிசை உண்டு. முதலில் காத்திருத்தல். பிறகு விரலால் சுட்டுதல். பிறகு ஒரு சொல் குறிப்பு. பிறகு செய்துகாட்டுதல். பிள்ளை சம்மதித்தால் மட்டும், கடைசியாகக் கைபிடித்துச் செய்தல். மூன்று நாள் தொடர்ந்து 'சொல் குறிப்பு' நிலையில் செய்துவிட்டால், நான்காம் நாள் சுட்டுவதோடு நிறுத்துங்கள். எந்த நிலையில் செய்தது என்று குறிக்காவிட்டால் உதவி குறையவே குறையாது.

படி 7: சக பிள்ளைகள்

ஒரே பிள்ளையை நிரந்தரத் துணையாக நியமிக்காதீர்கள்; அது நட்பாக இருக்காது, வேலையாகிவிடும். இருவர் இருவராக, வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். உதவி ஒருவழியாகவே ஓடாமல், சிறப்புத் தேவையுள்ள பிள்ளை மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையும் வாரத்தில் ஒன்று இருக்கட்டும்.

'அவனுக்கு மட்டும் ஏன் கூடுதல் நேரம்?' என்று கேட்பார்கள். நோயின் பெயரை வகுப்பில் சொல்லாதீர்கள். அதைச் சொல்வதும் சொல்லாததும் பிள்ளையும் குடும்பமும் முடிவு செய்ய வேண்டியது. 'ஒவ்வொருவருக்கும் கற்க எது தேவையோ அது இந்த வகுப்பில் கிடைக்கும், உனக்கும்தான்' என்று சொல்லி, கேட்ட பிள்ளைக்கு உண்மையிலேயே என்ன தேவை என்று விசாரியுங்கள்.

படி 8: கொந்தளிப்பு வரும்போது

அடம் என்பது ஒன்றைப் பெறுவதற்கு. கேட்டது கிடைத்தால் நின்றுவிடும். கொந்தளிப்பு என்பது தாங்கும் அளவைத் தாண்டியதால் வருவது. எதைக் கொடுத்தாலும் உடனே நிற்காது. காதைப் பொத்துவது, வேகமாக நடப்பது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது என்று முன்னறிகுறி இருக்கும். அப்போதே, வகுப்பில் இதற்கென ஒதுக்கிவைத்த அமைதி மூலைக்குப் போகும் அட்டையைக் காட்டுங்கள். தானாகவே அந்த அட்டையை நீட்டப் பிள்ளைக்கு அமைதியான நாட்களில் பழக்குங்கள்.

வந்துவிட்டால், பேச்சைக் குறையுங்கள். கேள்வி கேட்க வேண்டாம். விளக்கை அணைத்து, மற்ற பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள். ஆபத்து இருந்தாலொழியத் தொடாதீர்கள். முழுதாக அடங்க அரை மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். அடங்கிய உடனே விசாரணை நடத்தினால் மீண்டும் பொங்கும். தண்ணீர் கொடுங்கள், சுலபமான ஒரு வேலை கொடுங்கள். பேச்சு மறுநாள் போதும்.

படி 9: தேர்வும் குறிக்கோளும்

கூடுதல் நேரம், பதில் எழுத ஸ்கிரைப், கேள்வி வாசிப்பவர், தனியறை ஆகியவற்றுக்கு அனுமதி வாங்கினால் மட்டும் போதாது. ஸ்கிரைபுக்குச் சொல்லி எழுத வைப்பது தனித் திறமை: வாக்கியத்தை மனதில் முழுதாக்கி, நிறுத்தங்களோடு சொல்ல வேண்டும். பொதுத்தேர்வுக்குச் சில மாதம் முன்பிருந்தே வகுப்புத் தேர்வுகளை அதே முறையில் எழுதச் செய்யுங்கள். முதன்முதலாகத் தேர்வு அறையில்தான் ஸ்கிரைபைச் சந்திக்கிற பிள்ளை, கூடுதல் நேரத்தைத் தடுமாற்றத்திலேயே இழந்துவிடும்.

அந்தப் பிள்ளைக்கென்று எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில் ஒரு பருவத்துக்கு மூன்று குறிக்கோள் போதும். 'வாசிப்பு மேம்படும்' என்று எழுதாதீர்கள். 'கொம்பு வைத்த எழுத்துள்ள 20 சொற்களில் 16-ஐ, உதவியின்றி, மூன்று வெவ்வேறு நாட்களில் சரியாக வாசிக்கும்' என்று எழுதுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பெற்றோர், சிறப்பாசிரியர், முடிந்தால் பிள்ளையும் உட்கார்ந்து பாருங்கள். எட்டியிருந்தால் அந்த உதவியை ஒரு படி குறைத்து அடுத்த குறிக்கோள். எட்டவில்லையானால் முதலில் மாற்ற வேண்டியது கற்பித்த முறை. பயிற்சி உண்மையில் தினமும் நடந்ததா என்று குறிப்பேட்டில் தேதிகளை எண்ணிப் பாருங்கள். பல நேரங்களில் 30 நாளுக்கு 11 பதிவுதான் இருக்கும்.